ஹெட் போல்ட் ஜாம் ஆனால் என்ன செய்வது? - பழவேற்காடு படகு எஞ்சின் முதல் பழைய கார் வரை

விடியற்காலையில் கடலுக்குப் போயிருக்க வேண்டிய ஃபைபர் படகு மணலில் கிடக்கிறது. அதன் எஞ்சினைக் கழற்றி, பழைய தார்ப்பாய் மேல் வைத்திருக்கிறார்கள். ஹெட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது அசைய மறுக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, இருவர் சேர்ந்து அழுத்துகிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று நினைத்துப் பார்த்தால், கையோடு வந்தது பாதி ஸ்டட். மீதிப் பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் எஞ்சின் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேர வேலை, லேத் பட்டறைக்கு அலையும் இரண்டு நாள் வேலையாக மாறும் தருணம் அது. அந்த இரண்டு நாளும் படகு கரையில்தான். மாற்று எஞ்சின் இல்லாத வீட்டில், படகு நின்றால் வருமானமும் நின்றுபோகும்.

சென்னையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ அம்பாசடரையோ ஆசையாகப் புதுப்பிப்பவர்களும் பயப்படுவது இதே 'டக்' சத்தத்துக்குத்தான். உப்புக் காற்றில் நிற்கும் படகானாலும், ஷெட்டில் பல வருஷமாகத் தூங்கும் காரானாலும், போல்ட் பிடித்துக்கொள்ளும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை உடைக்காமல் கழற்றும் வழியும் ஒன்றுதான். அது என்ன?

ஹெட் போல்ட்டின் வேலை என்ன?

எஞ்சினின் சிலிண்டர் ஒரு குழாய் என்றால், சிலிண்டர் ஹெட் அதன் மூடி. இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் இருக்கும். மெக்கானிக்குகள் பேச்சில் இது 'ஹெட் பேக்கிங்'. மூடி, கேஸ்கெட், சிலிண்டர் மூன்றையும் ஒன்றாக இறுக்கிப் பிடிப்பவை ஹெட் போல்ட்கள். சில எஞ்சின்களில் போல்ட்டுக்குப் பதிலாக, இரு முனையிலும் மரை கொண்ட ஸ்டட்டைக் கீழே திருகி, மேலே நட் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

இந்தப் பிடிப்பு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்? ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். டீசல் எஞ்சினில் எரிபொருள் வெடித்து எரியும் நொடியில், ஒரு சதுர சென்டிமீட்டர் மீது 60 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாவது சாதாரணம். சிலிண்டரின் விட்டம் 8 செ.மீ. என்றால், அதன் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. அப்படியானால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் 3,000 கிலோ. நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கும் மேல் வரும் இந்த உதையைத் தாங்குபவை அந்த நான்கு ஸ்டட்கள்தான்.

அதனால் ஹெட் போல்ட்கள் ஆரம்பத்திலிருந்தே மிகவும் இறுக்கமாகத்தான் மாட்டப்படுகின்றன. அந்த இறுக்கத்தோடு துருவும் சேர்ந்துகொண்டால்தான் 'ஜாம்'.

ஹெட்டை எப்போது கழற்ற வேண்டி வரும்?

கேஸ்கெட் போய்விட்டால், வால்வு சரியாக மூடாவிட்டால், பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டியிருந்தால், படகு கவிழ்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இதற்கான அறிகுறிகள் முன்பே தெரிய ஆரம்பிக்கும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இழுவை குறையும். ஹெட் சேரும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று காற்று கசியும், அங்கே கரி படியும். தண்ணீரால் குளிரூட்டப்படும் எஞ்சின் என்றால், ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறலாம்.

'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று இதை விட்டுவிடுவது ஆபத்து. பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போகும் படகுகள் முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். மணல் மேடிட்டு ஆழம் குறைந்த அந்த வாயில், அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றுபோனால் படகைத் திருப்பவோ நேராக நிறுத்தவோ நேரம் இருக்காது. ஏரிக்குள் கோல் ஊன்றிக் கரை சேர்ந்துவிடலாம். முகத்துவாரத்தில் அது நடக்காது.

பழவேற்காட்டில் இந்தச் சிக்கல் ஏன் அதிகம்?

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவும் மணல் திட்டுகளும் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் மற்ற ஆறுகளும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது ஏரியின் உப்பு குறையும். கோடையில் தண்ணீர் ஆவியாகி, முகத்துவாரமும் அடைபடும்போது, சில பகுதிகளில் கடல்நீரைவிட உப்பு கூடிவிடும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீர் எஞ்சின் மேல் தெறிக்கிறது. வெயிலில் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து அந்த உப்பு மறுபடியும் நனையும். நனைவதும் காய்வதுமான இந்தச் சுழற்சி நாள்தோறும் நடக்கிறது. முழுக்க நீரில் மூழ்கிக் கிடக்கும் இரும்பைவிட, இப்படி நனைந்து காயும் இரும்பில் துரு வேகமாக ஏறும்.

இங்குள்ள சிறு படகுகளில் இரண்டு வகை எஞ்சின்களைப் பார்க்கலாம். ஒன்று, படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார். இதன் உடலும் ஹெட்டும் அலுமினியக் கலவை. வெளியே இருக்கும் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அதாவது, ஏரியின் உப்பு எஞ்சினுக்கு உள்ளேயும் ஓடுகிறது. இன்னொன்று, நீளமான தண்டின் முனையில் விசிறி சுழலும் 'லாங் டெயில்' வகை. இதில் பெரும்பாலும் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் இருக்கும். இரண்டிலுமே போல்ட்டோ ஸ்டட்டோ எஃகு. அது நுழைந்து நிற்கும் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர்

வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால், அது ஒரு குட்டி பேட்டரி. மின்சாரம் ஓடும், அதற்கான விலையாக ஓர் உலோகம் கரையும். எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் கரைவது அலுமினியம்தான். ஸ்டட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால், அது இப்படி அரித்துப்போன அலுமினியம்.

'துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டால் தீர்ந்ததே' என்று தோன்றலாம். உண்மையில் அது அலுமினியத்தை இன்னும் வேகமாக அரிக்கக்கூடும். போல்ட் பளபளப்பாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் மரை பொடியாகிவிடும்.

எஃகு ஸ்டட் இறங்கியிருக்கும் இடம் வார்ப்பிரும்பாக இருந்தால் சாதாரணத் துரு. ஆனால் அதுவும் லேசுப்பட்டதல்ல. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். மரைகளுக்கு நடுவில் இருப்பதோ நூலிழை இடைவெளி. அங்கே துரு வீங்கினால், யாரோ ஆப்பு அடித்து இறுக்கியது போல ஆகிவிடும்.

கப்பல்காரர்களுக்கு இது 200 வருஷப் பழைய தலைவலி. 1824-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடிப்பகுதியில் பதித்த செப்புத் தகட்டைக் காப்பாற்ற, அதோடு துத்தநாகம், இரும்பு போன்றவற்றைச் சேர்த்து வைக்கும் யோசனையைச் சொன்னார். எளிதில் கரையும் உலோகம் தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும் என்பதே தத்துவம். இன்றைக்கு அவுட்போர்டு மோட்டாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சாம்பல் நிறக் கட்டி அந்த யோசனையின் வாரிசுதான். 'அனோடு' எனப்படும் அந்தக் கட்டி கரைந்து சிறுத்துப்போனால், அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் விட்டால், அடுத்து கரைவது எஞ்சின்.

பலம் போட்டால் ஏன் உடைகிறது?

போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் சுமார் 10 சதவீதம்தான் பிடிப்பாக மாறுகிறது. மீதி 90 சதவீதம், போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் நடக்கும் உராய்விலேயே செலவாகிறது. துரு வந்ததும் இந்த உராய்வு பல மடங்கு ஏறிவிடும். கழற்றும்போது நாம் மோதுவது அதோடுதான்.

ஒரு சராசரி உதாரணம். 10 மி.மீ. தடிமனுள்ள 8.8 தர போல்ட்டை இறுக்கச் சொல்லும் அளவு சுமார் 50 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடையளவுக்கு அழுத்தினால் கிடைப்பது கிட்டத்தட்ட 60. அதே அழுத்தத்தை 1 மீட்டர் குழாய் செருகிக் கொடுத்தால் 200-ஐ நெருங்கிவிடும். போல்ட் தாங்கும் எல்லையைத் தாண்டியது கைக்குத் தெரியவே தெரியாது.

அரித்துப்போன போல்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். முறுக்கைத் தாங்கும் சக்தி, விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 10 மி.மீ. ஸ்டட்டின் நடுப்பகுதி அரித்து 8 மி.மீ. ஆகிவிட்டால், தடிமன் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். தாங்கும் சக்தியோ பாதியாகிவிடும்.

ஆகவே முறை தெளிவு. பலத்தைக் கூட்டுவது கடைசி வழி. அதற்கு முன்னால் உராய்வைக் குறைக்க வேண்டும், துருவின் பிடியை உடைக்க வேண்டும்.

கழற்றும் முறை: படிப்படியாக

1. எஞ்சின் ஆறட்டும். சூடாக இருக்கும்போது ஹெட்டைக் கழற்றினால் அது வளைந்துபோக வாய்ப்பு உண்டு. எரிபொருள் டேங்கையும் குழாயையும் முதலிலேயே கழற்றித் தள்ளி வைத்துவிட வேண்டும். பின்னால் நெருப்பு உபயோகிக்க வேண்டி வரலாம்.

2. முதல் மருந்து வெந்நீர். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நல்ல தண்ணீரைச் சூடாக்கி ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியுள்ள உப்பையும் வெள்ளைப் பொடியையும் தேய்த்து எடுக்க வேண்டும். ஸ்டட்டின் மேல்முனையில் தெரியும் மரையையும் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நட் பாதி தூரம் வந்து மறுபடியும் சிக்கும்.

3. எண்ணெய் விட்டு, காத்திருக்க வேண்டும். நூலிழை இடைவெளியில் தானாக ஏறிப் பரவும் 'பெனட்ரேட்டிங் ஆயில்' கடைகளில் கிடைக்கிறது. டீசலும் மண்ணெண்ணெயும் பயன்படும், ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். எல்லோருக்கும் தெரிந்த டபிள்யூடி-40 ஸ்ப்ரே, 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத்தான் முதலில் அதைப் பூசினார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் ஏவும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆழமாகப் பிடித்த துருவுக்கு அதற்கென்றே உள்ள பெனட்ரேட்டிங் ஆயில் நல்லது.

எதை விட்டாலும் ஐந்து நிமிடத்தில் ஸ்பேனர் போடக் கூடாது. மாலையில் விட்டு, இரவில் ஒரு முறை, காலையில் ஒரு முறை என்று குறைந்தது ஓர் இரவாவது ஊற வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. போல்ட் வகையில் மரை ஹெட்டுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால், எண்ணெய் அங்கே போய்ச் சேர்வது கடினம். அதனால் அடுத்த படி அவசியம்.

4. தட்ட வேண்டும். போல்ட் தலை மீது ஒரு தடித்த பித்தளைக் கம்பியை நேராக நிறுத்தி, சுத்தியலால் நான்கைந்து முறை 'நச்' என்று அடிக்க வேண்டும். துரு உறுதியானதுதான், ஆனால் நொறுங்கக்கூடியது. அதிர்ச்சியில் அதன் பிடி விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக எண்ணெய் உள்ளே இறங்கும். தட்டு, எண்ணெய் விடு, மறுபடி தட்டு. அலுமினிய ஹெட் மீது அடி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. சரியான ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். ஆறு முனை கொண்ட பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. பன்னிரண்டு முனை உள்ளது நட்டின் மூலைகளை மட்டுமே பிடிப்பதால், அரித்துப்போன நட்டை மழுக்கிவிடும். மூலை மழுங்கிய நட், ஜாம் ஆன நட்டைவிடப் பெரிய தலைவலி.

6. முதலில் இறுக்கப் பார்க்க வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். கழற்றுவதற்கு முன், நூலளவு இறுக்கும் பக்கம் அழுத்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் லாபம்தான். 'கிர்ர்' என்ற சத்தத்தோடு அசைந்தால், வழி பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்ற வேண்டும். ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர நினைத்தால், மரையில் உள்ள துருத் தூள் நடுவில் சிக்கி மறுபடியும் ஜாம் ஆகும்.

7. கை சொல்வதைக் கேட்க வேண்டும். நட் கழலும்போது சட்டென்று விட்டுக்கொடுக்கும். உடையப்போகும் ஸ்டட் அப்படியில்லை. ஸ்பேனர் நகரும், ஆனால் ரப்பரை முறுக்குவது போல மெத்தென்று இருக்கும். அழுத்தத்தை விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த உணர்வு வந்த நொடியில் நிறுத்த வேண்டும். அங்கே நிறுத்தினால் ஸ்டட் பிழைக்கும்.

எந்த வரிசையில் கழற்றுவது என்பதும் முக்கியம். எல்லா நட்டையும் ஒரே சீராக, கால் சுற்று கால் சுற்றாக, வெளியிலிருந்து உள்நோக்கித் தளர்த்த வேண்டும். நான்கு ஸ்டட் மட்டும் என்றால் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி. மூன்றை முழுக்கக் கழற்றிவிட்டு நான்காவதோடு மல்லுக்கட்டினால், ஹெட்டின் மொத்த இழுப்பும் அந்த ஒன்றின் மேல் விழும்.

சூடு எப்படி உதவுகிறது?

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் அடுத்த ஆயுதம் சூடு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 10 மி.மீ. துளையைச் சுற்றியுள்ள அலுமினியத்தை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால், துளை சுமார் 0.023 மி.மீ. பெரிதாகும். எஃகு ஸ்டட்டும் அதே அளவு சூடானால்கூட அது தடிப்பது 0.012 மி.மீ.தான். மிச்சம் கிடைக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும்.

அதனால் சூடு காட்ட வேண்டியது ஸ்டட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கு. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பெனட்ரேட்டிங் ஆயிலும் டீசலும் தீப்பிடிக்கும். சூடு காட்டும் முன் அவற்றை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் இன்னும் கவனம். இரண்டாவது, அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் சுத்த அலுமினியம் உருகும். வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்டின் ஓரம் உருகி விழும். 'எச்சில் தெளித்தால் சுர்ரென்று ஆவியாக வேண்டும்' என்ற அளவு சூடு பெரும்பாலும் போதும்.

சூடாக இருக்கும்போது மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் வைத்தால், உருகிய மெழுகு இடைவெளிக்குள் இழுத்துக்கொள்ளப்படும். எண்ணெய் போக மறுத்த இடத்துக்கும் இது போகும்.

ஸ்டட்டும் நட்டும் உள்ள எஞ்சினில் கடைசியாக ஒரு வசதி உண்டு. நட்டைப் பலி கொடுக்கலாம். நட்டின் ஒரு பக்கத்தைக் கூர்மையான உளியாலோ ஹேக்ஸா பிளேடாலோ பிளந்துவிட்டால், அதன் பிடி போய்விடும். சில ரூபாய் நட் போனாலும் ஸ்டட்டும் எஞ்சினும் தப்பிக்கும். சில சமயம் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழன்று வெளியே வரும். பதற வேண்டாம், அதுவும் கழன்றதாகவே கணக்கு.

நட் கழன்றும் ஹெட் வரவில்லையா?

பழைய கார்களில் இது அதிகம். நட்டுகள் எல்லாம் வந்துவிடும், ஹெட் மட்டும் ஸ்டட்களோடு ஒட்டிக்கொண்டு அசையாது. பல வருஷமாக ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால், உள்ளே துருப்பிடித்து இந்த நிலை வரும். போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அதே ட்ரையம்ஃப் நிறுவனம் 1970-ல் கொண்டுவந்த 'ஸ்டாக்' என்ற கார், இந்தச் சிக்கலுக்காகவே உலகப் புகழ் பெற்றது. அதன் அலுமினிய ஹெட்டில் ஒரு வரிசை போல்ட், இன்னொரு வரிசை ஸ்டட். இரண்டும் வேறு வேறு கோணத்தில் இறங்கியிருக்கும். ஸ்டட் துருப்பிடித்துவிட்டால், ஹெட் நேராக மேலே வரவும் வழியில்லை, சாய்ந்து வரவும் வழியில்லை. ஹெரால்டு, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு அந்த அளவு சோதனை இல்லை. அவற்றின் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்புதான்.

இப்படி ஒட்டிக்கொண்ட ஹெட்டுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரையோ உளியையோ செருகி நெம்புவது பெரிய தப்பு. கேஸ்கெட் உட்காரும் வழவழப்பான பரப்பில் விழும் ஒரு கீறல், நாளைய கசிவு.

ஸ்பார்க் பிளக் உள்ள எஞ்சின்களுக்குப் பழைய மெக்கானிக்குகள் கையாளும் 'கயிறு வைத்தியம்' ஒன்று இருக்கிறது. இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டன் கீழே இருக்கும்போது, பிளக் துளை வழியாகச் சுத்தமான மெல்லிய பருத்திக் கயிற்றை உள்ளே நிரப்ப வேண்டும். ஒரு முனை வெளியே இருக்கட்டும். நட்டுகளை நாலைந்து மரை அளவுக்குத் தளர்வாக விட்டு வைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றினால், மேலே வரும் பிஸ்டன் கயிற்றை அழுத்தும், கயிறு ஹெட்டைத் தூக்கும். செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

உடைந்தே போய்விட்டால்?

முதலில் ஹெட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்போது உடைந்த துண்டு கொஞ்சமாவது மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அதன் மேல் புதிய நட் ஒன்றை வைத்து வெல்டிங் செய்து கழற்றலாம். வெல்டிங்கின் சூடே துருவின் பிடியைத் தளர்த்தி, பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.

மட்டத்துக்குக் கீழே உடைந்திருந்தால் கரையில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. துண்டின் சரியான நடுவில் துளை போட வேண்டும். கை டிரில் கொஞ்சம் சாய்ந்தாலும், கடினமான எஃகை விட்டுவிட்டு மெதுவான அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். உடைந்த போல்ட்டை எடுக்கும் 'எக்ஸ்ட்ராக்டர்' கருவியும் உள்ளே முறிந்துபோனால் அவ்வளவுதான், அதைத் துளையிடச் சாதாரண டிரில் பிட்டால் முடியாது. பொன்னேரிக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் நல்ல லேத் பட்டறையில் கொடுப்பதே மிச்சம். பழைய துண்டைக் குடைந்து எடுத்து, பெரிய மரை வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் மரை பொருத்திக் கொடுப்பார்கள். 'ஹெலிகாயில்' என்று கேட்டால் தெரியும். அலுமினியத்தில் பழைய மரையைவிட இது உறுதியாகவே நிற்கும்.

திரும்ப மாட்டும் நாளில்...

ஒரு போல்ட் நாளைக்குக் கழலுமா, உடையுமா என்பது அதை மாட்டும் நாளிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

மரைகளை டேப் விட்டுச் சுத்தம் செய்து, துளைக்குள் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெய் நிற்க, மேலே போல்ட்டை இறுக்கினால், வெளியேற வழியில்லாத அந்த எண்ணெய் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும்.

அரித்து மெலிந்த ஸ்டட்டை மறுபடி போடக் கூடாது. சில எஞ்சின்களின் போல்ட்கள் ஒரு முறை இழுபட்டு நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்ற வேண்டும்.

நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜாம் ஆகாமல் தடுக்க மரையில் 'ஆன்டி சீஸ்' பசையோ கிரீஸோ தடவினால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால், அதே அளவு டார்க் கொடுத்தாலும் போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் எஞ்சின் கம்பெனி எதைத் தடவச் சொல்கிறதோ அதை மட்டும் தடவ வேண்டும். தடவ வேண்டாம் என்றால் வேண்டாம்.

பிறகு தினசரிப் பழக்கம். கரை சேர்ந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுவது, அவுட்போர்டு என்றால் உள்ளேயும் நல்ல தண்ணீரை ஓடவிடுவது, நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் முனைகளில் கொஞ்சம் கிரீஸ் பூசுவது, அனோடு கட்டியை அவ்வப்போது பார்ப்பது. நிலத்தடி நீரே உவர்க்கும் கடற்கரைக் குப்பங்களில், எஞ்சினுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் என்பது வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த ஒரு குடத்தை மிச்சம் பிடித்தால், என்றாவது ஒருநாள் இரண்டு நாள் கடலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

அசையாத நட்டைப் பார்த்ததும் கை குழாயைத் தேடுவது இயல்பு. அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டுமே என்ற அவசரம்தான் காரணம். அந்த அவசரத்துக்கு ஒரே பதில்: எண்ணெய் விட்டு, தட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒரு நாள் கடல் போகும். அவசரப்பட்டு ஸ்டட்டை உடைத்தால் எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.